அக்காவைத் தெரியாதவன் போல நின்றேன்

ஹீலோ, ஹவாய், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நோஹியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்த அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பச்சைக் குழந்தையும் நலமாயிருக்க வேண்டும். மூன்று வாரமாக விடாத மழை, துணி எதுவும் காயவில்லை, அம்மாவின் முட்டிவலிக்கு மருந்து மாற்றியிருக்கிறார்கள், இப்படியே எழுதிக்கொண்டு போகிறேன், சொல்ல வேண்டியதை எழுதக் கை வரவில்லை.

வியாழக்கிழமை எரிமலைப் பூங்காவுக்குப் பன்னிரண்டு சுற்றுலாப் பயணிகளை வேனில் கூட்டிப்போனேன். கிலாவியா பள்ளத்தின் விளிம்பில் உன் புவானானி அத்தை நின்றாள், தலையில் பெரணி மாலை, கையில் இலையில் பொதிந்த காணிக்கை, எழும்பும் புகையைப் பார்த்து நம் மொழியில் எரிமலைத் தெய்வமான பெலே தாயைப் பாடி அழைத்துக்கொண்டிருந்தாள். வேனில் வந்த ஒருவர், "யாருங்க அந்தம்மா, யாரைப் பார்த்துக் கத்துறாங்க?" என்றார். என் அக்கா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் சொன்னது, "அது இங்கயே சுத்துற கேசுங்க, மேல கொஞ்சம் கழண்டிருக்கு, வேணும்னா போட்டோ எடுத்துக்கங்க." அவர்களில் ஒருவனாகத் தெரிய வேண்டும் என்ற அற்ப ஆசை, வேறென்ன? எல்லோரும் சிரித்தார்கள், நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். பாட்டை நிறுத்தவில்லை, முடித்து, காணிக்கையை வைத்துவிட்டுத்தான் வந்தாள். என்னைக் கடக்கும்போது, "கொஞ்சம் வழி விடுங்க டிரைவர் சார்" என்றாள். அத்தனை பேர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை மகளே.

சாயங்காலம் உன் அம்மா, "நம்ம பேரன் பேரை பெலேகிட்டச் சொல்லத்தான் உங்க அக்கா போனாங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். சாப்பிட உட்கார்ந்தவன் எழுந்துவிட்டேன்.

நேற்று நாலு அகுலே மீன் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவித்த சேம்பைத் தோலுரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "டிரைவர் சாருக்கு இங்க என்ன வேலை?" "அக்கா, தப்புப் பண்ணிட்டேன்." "அந்தப் பன்னெண்டு பேரும் ப்ளேன் ஏறிட்டாங்கடா. இனிமே யாருகிட்டப் போய் நான் உன் அக்கான்னு சொல்லுவ?" மீனை வாங்கிக்கொண்டாள், உள்ளே வா என்று சொல்லவில்லை.

அதனால் உன்னிடம் சொல்கிறேன். அத்தைக்குப் போன் செய், இதையெல்லாம் நான் உனக்கு எழுதியதாகவே சொல். குழந்தையைக் குளிரில் வெளியே எடுக்காதே. அவனுக்கு ஆயுசும் பலமும் கூடட்டும், பெலே தாய் உங்களைக் காக்கட்டும். வளர்ந்தபின் அவன் பேரை யார் பாடினார்கள் என்று சொல்லும்போது, பக்கத்தில் நின்று சிரித்தவன் யார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடு.

உன் அப்பா,
காவிகா