பீம் இல்லாத தளம்

பிப்ரவரி 11, 2025, செவ்வாய்

இன்று என் முதல் பீம் இல்லாத தளத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள். கீழே குடை விரித்த மாதிரி இருபத்துநான்கு தூண்கள், மேலே மிஷின்கள் நிற்கப்போகும் தட்டைத் தளம், அவ்வளவுதான். கல்லூரியில் ஒரு டச்சு இன்ஜினியர் கட்டிய தொழிற்சாலையின் படத்தைப் பார்த்து, இப்படி ஒன்று கட்டாமல் சாகமாட்டேன் என்று நினைத்தவள் நான். ஓசூரில் இருபத்திரண்டு வருஷம் தகரக் கொட்டகையாக வரைந்து தள்ளியபின் இப்போதுதான் வாய்த்தது.

மதியம் இன்ஜினியர்கள் சங்கத்தில் இதற்காகவே பொன்னாடை போர்த்தினார்கள். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. "எல்லாம் ஆச்சுங்க மேடம், நிம்மதியா இருங்க," என்றார் சூப்பர்வைசர் திம்மப்பன்.

பிப்ரவரி 20

தளம் நன்றாக இறுக மேலே தண்ணீர் கட்டியிருக்கிறார்கள். பொன்னாடை இன்னும் கார் பின்சீட்டில்.

மார்ச் 12, புதன்

கியூப் ரிப்போர்ட் வந்தது. தளம் போட்ட அன்று அதே கலவையில் வார்த்துவைத்த கட்டிகளை நசுக்கிப் பார்த்த கணக்கு. பலம் முப்பது வந்தால் போதும். நாற்பத்தாறு! ஆறு கட்டியும் அதை ஒட்டியே.

தொழிற்சாலை முதலாளி தங்கதுரை ஃபோனில் சிரித்தார்: "பெறகென்ன மேடம், மிஷின ஏத்திருவமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டதற்கு மேல் கொடுக்கிற ஊரா இது?

மார்ச் 13

திம்மப்பனிடம் கேட்டேன். பதினோரு வருஷமாக என்னோடு இருப்பவர், பொய் சொல்ல வராது.

"அத்திப்பள்ளி டிராஃபிக்ல லாரி மாட்டிக்கிச்சுங்க மேடம். ரெண்டரை மணி நேரம். கலவை இறுகிப்போச்சு. டிரைவர் இளக்கறதுக்குத் தண்ணி ஊத்துனான், பலம் போயிடும்னு தெரிஞ்சும் நான் விட்டுட்டனுங்க."

"அப்ப கியூப்?"

"அத நான் தனியா... சிமெண்ட் கூடப்போட்டுக் கலந்தனுங்க. உங்க பேரு கெட்டுடக்கூடாதுன்னு."

அடப்பாவி மனுஷா! என் பேரக் காப்பாத்தவா? வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு ஃபோன் பண்ணக்கூடாதா என்று கத்தினேன்.

"பண்ணனுங்க மேடம். நாலு தடவ."

உண்மைதான். மேடையில் இருந்ததால் எடுக்கவில்லை. மிஸ்டு காலை அன்றைக்கே பார்த்தேன். எதற்குக் கூப்பிட்டீங்க என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேக்கல.

மார்ச் 15

காகிதத்தில் தளம் பாஸ். இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டால் முடிந்தது. மேலே நாற்பது டன் மிஷின், கீழே ஷிஃப்டுக்கு அறுபது பெண்கள். இந்த மாதிரித் தளம் தாங்காவிட்டால் தூணைச் சுற்றிப் பொத்துக்கொண்டு ஒரேயடியாக இறங்கும். வரைஞ்சவளுக்குத் தெரியாதா?

மார்ச் 17

தங்கதுரையிடம் சொல்லிவிட்டேன். "உங்கள நம்பித்தான மேடம்..." என்றார். அவமானமாக இருந்தது.

மார்ச் 26

தளத்தையே துளைத்தெடுத்துச் சோதித்தார்கள். பத்தொன்பது.

ஏப்ரல் 9

இடிக்க வேண்டாம், அடியில் இரும்பு பீம் கொடுத்துத் தாங்கலாம் என்று முடிவு. வேறு இன்ஜினியரை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். கெஞ்சினேன். வரைய விட்டார்கள், கையெழுத்து மட்டும் வேறொருவருடையது. திம்மப்பனை நான் விஷயத்தைச் சொன்ன அன்றே நிறுத்திவிட்டார்கள். வேப்பனப்பள்ளியில் மாந்தோப்புக் காவலுக்குப் போகிறாராம்.

டச்சுக்காரர் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன்.

ஜூலை 2

தொழிற்சாலை ஓடுகிறது. கூப்பிடாமலே போய்ப் பார்த்தேன். சாந்தம்மா என்ற தொழிலாளி டிபன் பாக்ஸைத் திறந்தபடி அண்ணாந்து பார்த்தாள். "இவ்ளோ இரும்பு எதுக்கு மேடம்? விழுந்துகிழுந்து வெக்குமா?"

"விழாதும்மா."

"நீங்க கட்டுனதுங்களா?"

"அந்த இரும்பு நான் போட்டது," என்றேன்.

காரில் ஏறியதும் திம்மப்பனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். நாலாவது தடவையும் எடுக்கவில்லை.