நீ சொன்ன ஆறேகால் வண்டி

போன மாதம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் உன் குரல் கேட்டது. கடையைப் பூட்டிவிட்டுப் பூ வாங்க நின்றிருந்தேன். முதுகுக்குப் பின்னால், "மேல்சித்தாமூர் வண்டி ஆறரைக்கு. ஓடியா ஓடியா, உட்டுட்டுப் போய்டுவான்" என்றாய். திரும்பினேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துக் கவரை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் கையிலிருந்த போனில்தான் நீ பேசினாய். அவள் மறுபடியும் அழுத்தினாள், நீ மறுபடியும் அதையே சொன்னாய். பின்னணியில் ஹாரன் சத்தமும் வேர்க்கடலைக்காரர் கூவுவதும் கடைசியில் நீ சிரிப்பை அடக்குவதும் அப்படியே இருந்தன.

"பொய் சொல்லுதும்மா இந்தப் பொண்ணு" என்றாள் அந்த அம்மாள் என்னிடம். "ஆறரைன்னு சொல்லுது. வண்டி ஆறுக்கே போய்ட்ச்சாம். இனிமே நான் எப்படி வூடு போய்ச் சேர்றது?"

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. உன்னைப் பொய்க்காரி என்று என் காதுபடச் சொல்கிறாளே என்று. ஆனால் அவள் சொன்னதில் என்ன தப்பு? பொங்கல் முடிந்ததும் பேருந்து நேரங்களை மாற்றிவிட்டார்கள். நீ போனது அதற்கு முந்தைய மழைக்காலத்தில். செத்துப்போனவளுக்கு நேரம் மாறியது எப்படித் தெரியும்? அந்த அம்மாளை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஊரில் விட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் அவள் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

என் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து நாம் இரண்டு பேரும் அந்தப் பஸ் நேரச் செயலியைச் செய்தது உனக்கு நினைவிருக்குமா என்று கேட்க வருகிறது. கேட்டு என்ன ஆகப்போகிறது! நிரல் எழுதியது நான். மற்றதெல்லாம் நீ. முகப்பில் கோட்டைப் படம் போடலாம் என்றேன். "கோட்டை எங்கடி போவப் போவுது? பஸ்ஸுதான் போய்டும். பஸ்ஸப் போடு" என்றாய். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்காக, ஊர்ப் பெயரைத் தொட்டால் வண்டி நேரத்தைக் குரல் சொல்ல வேண்டும் என்றதும் நீதான். கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்யலாம் என்றால் கேட்டாயா? பஸ் ஸ்டாண்டு நடுவில் போய் நின்றுகொண்டாய்.

ஆப் ஸ்டோரில் வெளியிடும் முன் ஒரு டஜன் பேராவது இரண்டு வாரம் விடாமல் வைத்திருந்து சோதித்துப் பார்க்க வேண்டும் என்று விதி. பட்டணத்தில் இதற்கென்றே நண்பர்கள் இருப்பார்கள். நமக்கு டீக்கடைக்காரர், பூக்காரம்மா, இரண்டு கண்டக்டர்கள், உன் சித்தப்பா. பூக்காரம்மா பாதியில் செயலியைத் தூக்கிவிட்டாள். மகள் கல்யாண வீடியோவுக்குப் போனில் இடம் போதவில்லையாம். ஆள் குறைந்துபோனதால் மறுபடி முதலிலிருந்து. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நீ அவளிடமே ஒரு முழம் பூ வாங்கி வைத்துக்கொண்டு, அந்த வீடியோ முழுவதையும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மறுபடி செயலியைப் போட்டுக்கொடுத்து வந்தாய்.

ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் 'புதியவை என்ன' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் 'சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்று எழுதுவார்கள். நீ எழுதியது: "தொண்டூர் வண்டி நேரம் மாறிட்ச்சி. நாங்க மாத்தல, அவங்க மாத்துனாங்க. எங்களத் திட்டாதீங்க."

கடைசிப் புதுப்பிப்பு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வண்டிக்காக. உனக்கு அப்போதே காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு வந்து என் கடை நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாய். அனுப்பிவிட்டோம். 'பரிசீலனையில் உள்ளது' என்று காட்டியது. வழக்கமாகச் சீக்கிரம் முடிந்துவிடும், அந்த முறை நாள்கணக்கில் இழுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று நான் கத்தினேன், உன் நைனா கெஞ்சினார். "திருப்பி அனுப்பிட்டான்னா யாரு சரி பண்றது? பசங்க ரோட்ல நிக்கும். ரிவ்யூ வந்துரட்டும், போலாம்" என்றாய். முகம் தெரியாத எவனோ எங்கோ உட்கார்ந்து சரி என்று சொல்வதற்காக நீ காத்திருந்தாய். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, டெங்கு என்றார்கள், ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார்கள். உன்னை எடுத்துக்கொண்டுபோன அன்று, தெருவில் பறை அடித்துக்கொண்டிருக்கும்போது என் போன் அதிர்ந்தது. அனுமதி கிடைத்துவிட்டது. யாரும் எதையும் அழுத்தவேண்டியிருக்கவில்லை. புதுப்பிப்பு தானாகவே எல்லோருடைய போனுக்கும் போய்ச் சேர்ந்தது. நீ அங்கே கிடக்கிறாய், ஊர் முழுக்கப் பேசிக்கொண்டும் இருக்கிறாய். அன்று அந்தப் போனைத் தூக்கி எறியத்தான் தோன்றியது.

கணக்கு உன் பெயரில் இருக்கிறது. என் கடைக் கம்ப்யூட்டரில் அதற்குள் நுழைந்து வைத்திருந்ததும் துண்டித்துக்கொண்டுவிட்டது. மறுபடி நுழைய ஒரு எண் வரும். அது உன் போனுக்குத்தான் வரும். அந்தப் போன் உன் நைனாவிடம் இருக்கிறது. அவரிடம் போய் இதைக் கேட்கும் தைரியம் அதுவரை எனக்கு வரவில்லை. அந்த அம்மாளை வீட்டில் விட்டுவந்த மறுநாள் அவரைப் பார்க்கத் தொண்டூர் போனேன்.

உன் போனுக்கு மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்துவருகிறார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டே களையெடுக்கப் போகிறார். விஷயத்தைச் சொன்னதும், "பண்ணா இன்னா ஆவும்?" என்று கேட்டார்.

"புது நேரம் வரும் நைனா. குரலும் மாறும். என் குரல்ல பேசி வச்சிருக்கேன்."

"இவ?"

"இவ இருக்கமாட்டா."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பழைய குரலைத் தனியாக எடுத்து அவர் போனில் போட்டுத் தருகிறேன், எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்றேன். அதற்கு அவர் சொன்னதை உனக்குச் சொல்லத்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன். "பாட்டு மாதிரி போட்டுக் கேக்கச் சொல்றியா? இது அப்படி இல்லம்மா. நான் கேக்கறேன், அவ பதில் சொல்றா. அது வேற."

நான் கிளம்பிவிட்டேன். ஸ்கூட்டியைத் திருப்பும்போதுதான் மனசு கேட்காமல் அந்த அம்மாள் சொன்னதைச் சொன்னேன். சொல்லக்கூடாது என்றுதான் வந்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"எம்பொண்ண பொய்க்காரின்னாளா?"

தலையசைத்தேன். பையிலிருந்து போனை எடுத்து, "அனுப்பு. நம்பர் வந்தா சொல்றேன்" என்றார். ஒவ்வொரு எண்ணாக, இடையில் நிறுத்தி நிறுத்தி, நான் திரும்பச் சொன்ன பிறகே அடுத்ததைச் சொன்னார்.

என்னால் முடிந்தது ஒன்றுதான். உன் போனில் அந்த ஒரு செயலிக்கு மட்டும் தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவைத்தேன். ஊரில் எல்லோர் போனிலும் நீ போய்விடுவாய், உன் நைனா கையில் மட்டும் இருப்பாய். "இதுல வர்ற நேரம் தப்பு நைனா, இத நம்பி எங்கயும் கிளம்பாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த முறை பரிசீலனை சீக்கிரமே முடிந்தது. 'புதியவை என்ன' கட்டத்தில் உன்னைப்போல் ஏதாவது எழுதப் பார்த்தேன், வரவில்லை. 'பேருந்து நேரங்கள் திருத்தப்பட்டன. குரல் மாற்றப்பட்டுள்ளது' என்று போட்டேன். மறுநாளே ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார். "டைம் கரெக்டா இருக்கு. ஆனா பழைய பொண்ணுதான் நல்லா கூப்புடும்." அதைப் படித்துவிட்டு, கடையில் ஆட்கள் இருக்கும்போதே அழுதேன். என் 'ஓடியா'வுக்கு ஒருத்தரும் ஓடிவரமாட்டார்கள். எனக்கே தெரியும்.

போன வாரம் ஒரு வேலையாகத் தொண்டூர் பக்கம் போனேன். உன் நைனா நிறுத்தத்தில் நின்றிருந்தார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. கையில் உன் போன். அவரைத் தவிர அங்கே யாரும் இல்லை. வண்டியை நிறுத்தி, "நைனா, ஆறேகால் வண்டி இப்ப இல்ல. அஞ்சே முக்காலுக்கே போய்டுது. நான்தான் சொன்னேனே" என்றேன்.

"தெரியும்மா" என்றார். "ஊரே புது டயத்துக்குப் போய்ட்ச்சி. அவ சொல்ற டயத்துக்கு ஒருத்தனாவது வந்து நிக்க வேணாமா?"

ஸ்கூட்டியை ஓரம் கட்டிவிட்டு நானும் பக்கத்தில் போய் நின்றேன். அவர் ஊர்ப் பெயரைத் தொட்டார். வண்டி ஆறேகாலுக்கு என்றாய். ஓடியா என்றாய். இருட்டிக்கொண்டு வரும்வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இப்போதெல்லாம் ஆறேகால் ஆனால் கடையில் என் கை தானாக நின்றுவிடுகிறது. எதிரே இருப்பவர் பிரிண்ட் கேட்டுக்கொண்டு நிற்பார். கொஞ்சம் இருங்கள், ஒரு வண்டி வரவேண்டும் என்கிறேன்.