ஒழுக வேண்டிய கூரை

செப்டம்பர் 28, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. சரஸ்வதி பூஜை. புத்தகம் எல்லாம் பூஜையில், நாளை எடுக்கும் வரை படிக்கக் கூடாது. என்மேல் இரக்கமுள்ள ஒரே சாமி. தாவரவியல் ரெக்கார்டையும் அடியில் செருகிவிட்டேன். எழுதவும் கூடாதாம். டயரி எழுத்தில் சேராது.

சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல். என் அறைத்தோழி எஸ்தருக்கு வேண்டாம். சூரியன் இறங்கியதிலிருந்து நாளை இருட்டும் வரை அவளுக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. வருஷத்தில் ஒரு நாள், செய்த தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிற நாளாம். கடவுளைக் கேட்பதற்கு முன்னால் மனுஷரைக் கேட்க வேண்டுமாம். என் கட்டில் முன்னால் வந்து நிற்கிறாள்.

"செல்வி, ஏதாவது கோபம் இருந்தா மன்னிச்சிரு."

"என் எண்ணெய் பாட்டிலைக் கவுத்தியே, அதை மட்டும் மன்னிக்க மாட்டேன்."

முகம் வாடிவிட்டது. உடனே மன்னிக்க வேண்டியதாயிற்று. இவளிடம் விளையாடக்கூட முடியாது.

வார்டனம்மா கேட்டார்: "கிறிஸ்டியன்ஸுக்கு விரதம் இப்பவா வருது?" எஸ்தர் யூதப் பெண் என்று மூன்றாம் வருஷமாகச் சொல்கிறோம். பெயரைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள் வரிசையில்தான் நிறுத்துகிறார். முதல் வருஷம் மறுத்துப் பேசத் தெரியாமல் கொஞ்ச நாள் போய்வந்தாள். உள்ளே உட்கார்ந்து என்ன செய்தாய் என்று கேட்டதற்கு, "ஞாயித்துக்கிழமை மெஸ்ல பூரியாச்சே, அதை நெனச்சிட்டிருந்தேன்" என்றாள்.

செப்டம்பர் 29, புதன்

விஜயதசமி. எஸ்தர் பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துப் பிரார்த்தனை. எங்கள் அறையில் இன்று சத்தமே இல்லை.

நேற்றைய சுண்டலை அவளுக்காக டம்ளரில் மூடி வைத்திருந்தேன். இருட்டியதும் திறந்தால் ஊசிப்போய்விட்டது. அதையும் சாப்பிடப் போனாள், நான் கொடுத்தேன் என்பதற்காக. பிடுங்கிக் கொட்டிவிட்டு மெஸ்ஸில் சோறும் ரசமும் வாங்கிவந்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே அடுத்த பண்டிகையைச் சொன்னாள். ஞாயிறு மாலை ஆரம்பம். அவர்கள் முன்னோர் பாலைவனத்தில் நடந்தபோது குடிசைகளில் இருந்தார்களாம். அதை மறக்காமலிருக்க ஏழு நாள் வீட்டை விட்டு இறங்கி, கீற்றுக் கூரைக்குக் கீழே சாப்பிட வேண்டும். கொச்சியில் அவள் பாட்டன் வீட்டு முற்றத்தில் போடுவார்கள். பந்தல் என்றுதான் பெயராம்.

"இதுதான் கடைசி" என்றாள், ரசத்தைப் பார்த்துக்கொண்டு. அவள் அப்பா நாகப்பட்டினம் துறைமுகத்தில் வேலையை விட்டாயிற்று. பொங்கலுக்கு முன் குடும்பத்தோடு இஸ்ரேல். கடைசிப் பந்தலுக்குக் கொச்சி போகலாமென்றால் அடுத்த புதன் பிராக்டிகல். லீவு கிடையாது.

நான் இரக்கப்பட்டிருக்க வேண்டும். எனக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கு ஏழு நாள். நாங்க வருஷம் பூரா அந்தப் பண்டிகைதான் கொண்டாடறோம்" என்றேன். எங்கள் வீடே மிராசுதார் மனையில் ஒரு குடிசை. அப்பா கூலி உயர்வுக்குச் சங்கத்தோடு நின்றதிலிருந்து, பிரித்துக்கொண்டு போ என்று ஆள் விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எஸ்தர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதான் உன்னைக் கேக்கறேன். எனக்குக் கட்டத் தெரியாது" என்றாள்.



செப்டம்பர் 30, வியாழன்

வார்டனம்மாவிடம் போனோம்.

"குடிசையா? லேடீஸ் ஹாஸ்டல்லயா?"

"பந்தல், மேடம்" என்றேன் நான்.

"பந்தல்னா சரி. சமையல்கட்டுக்குப் பின்னாடி போட்டுக்கோங்க. ராத்திரி அங்க படுக்கக் கூடாது. பாம்பு."

எங்கள் ஊர் வழியாகப் போகிற திருவாரூர் பஸ் கண்டக்டரிடம் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. வேண்டியவை: மூங்கில், கீற்று, கயிறு. சுற்றி மறைக்கப் பழைய புடவை (என்னுடையது ஒன்று, மெஸ் அக்காவுடையது ஒன்று).

எஸ்தர் மெஸ் அக்காவிடம் நார்த்தங்காய் கேட்டாள். பண்டிகைக்கு ஒரு பழம் வேண்டுமாம். வேண்டிய பழம் நார்த்தங்காய் இல்லையாம், ஆனால் அதற்கு அக்கா தங்கை முறையாம். அக்கா ஜாடியைத் திறந்து ஊறுகாயில் ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கித் தின்றுவிட்டு வந்தாள்!

அக்டோபர் 1, வெள்ளி

இடம் பார்த்தோம். வேப்பமரத்தடி பிரமாதம், நிழல், காற்று. எஸ்தர் தலையாட்டுகிறாள். கூரைக்கு மேலே மரம் இருக்கக் கூடாது, வானம்தான் இருக்க வேண்டுமாம். வெயிலில் வெந்துதான் சாமி கும்பிட வேண்டுமா என்று கேட்டேன். "ஆமா" என்றாள்.

கடைசியில் முள்வேலி ஓரம். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையின் வயல், சம்பா நடவு நடக்கிறது. எது கல்லூரி எல்லை, எது பண்ணை எல்லை என்று பழைய தகராறு. நமக்கென்ன, ஏழு நாள்தானே.

அக்டோபர் 2, சனி

காந்தி ஜெயந்தி. ஹாஸ்டல் முழுக்கத் துவைத்த துணி. மழை வராமல் வேடிக்கை காட்டுகிறது.

எஸ்தருக்குச் சனிக்கிழமை ஓய்வு. வெள்ளி இருட்டினால் விளக்கு சுவிட்சைத் தொட மாட்டாள். போடச் சொல்லிக் கேட்கவும் மாட்டாள், இருட்டிலேயே உட்கார்ந்திருப்பாள். நானாகப் போட்டால் உண்டு. மூன்று வருஷமாக இந்த அறையில் வெள்ளிக்கிழமை விளக்கு என் பொறுப்பு. பொங்கலுக்கு அப்புறம் யாருக்குப் போடுவேன்?

அக்டோபர் 3, ஞாயிறு

கை வலிக்கிறது, ஆனால் இன்றைக்கு எழுதியே ஆக வேண்டும்.

முதல் பஸ்ஸில் அப்பா. பஸ் மேலே கீற்றுக்கட்டு, குறுவை வைக்கோல் ஒரு கட்டு. எஸ்தர் கயிறு பிடித்தாள். அப்பாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. பாப்பா, பாப்பா என்று ஒரே பேச்சு. பெற்ற பெண் மூங்கில் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாங்கள் குளிக்கப் போன நேரத்தில் கூரையை முடித்துவிட்டார். கீற்றின் மேல் கீற்று, அதற்கு மேல் வைக்கோல், நெருக்கிக் கட்டி.

"ஒரு பொட்டுத் தண்ணி எறங்காது பாப்பா. எங்க வீட்டுக்கே இப்பிடி மேஞ்சதில்ல."

எஸ்தர் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தாள். "ரொம்ப நல்லாயிருக்குப்பா" என்றாள். அப்புறம் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"செல்வி, இது ஆகாது. கூரை வழியா நட்சத்திரம் தெரியணும். மழை பெஞ்சா உள்ள வரணும். தண்ணி எறங்காத கூரைன்னா அது வீடு. பந்தல் இல்ல."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். சொல்லணும்னே தோணல." பிறகு, "அப்பாகிட்ட சொல்லாதே. இப்படியே உக்காந்துக்கறேன்."

கடைசிப் பண்டிகை, அதுவும் செல்லாத பந்தலில். அப்பா மனசு நோகக் கூடாதென்று. அவளை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. தப்பு என்னுடையதும்தான். கூரை என்று சொல்லியனுப்பினால் எங்கள் ஆட்கள் ஒழுகாத கூரைதான் போடுவார்கள், வேறெப்படிப் போடுவார்கள்?

அதற்குள் வேலிப்பக்கம் சத்தம். பண்ணைக் காரியக்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு, பின்னால் இரண்டு ஆளோடு.

"எவன்டா எல்லையில குடிசை போட்டது? குடியிருக்கிறவனுக்கே மனைன்னு சட்டம் பேசினாலும் பேசினாங்க, ராவோட ராவா குடிசை மொளைக்குது. இன்னிக்கு ஒண்ணு, நாளைக்குப் பத்தா?"

அப்பா கையில் அரிவாளோடு கூரை ஓரம் நின்றார். தோளிலிருந்து துண்டை எடுக்கவில்லை. எனக்குப் பயம். பெருமையும்.

வார்டனம்மா ஓடிவந்தார். வந்தவர் எங்கள் பக்கம் பேசுவார் என்று பார்த்தால், "பந்தல்னுதானே சொன்னீங்க? இது வீடு மாதிரின்னா இருக்கு! பிரிங்க, பிரிங்க, எனக்கு எதுக்கு வம்பு?"

காரியக்காரருடைய ஆள் ஒருவன் வேலியைத் தாண்டி மூங்கிலில் கை வைத்தான். அப்பா ஓரடி முன்னால் வந்தார்.

அப்போது எஸ்தர். சர்ச்சுக்கு வரவில்லை என்று சொல்லத் தெரியாதவள். நேராகக் காரியக்காரர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, இது குடிசை இல்ல. இது ஒழுகணும்."

"என்னது?"

"கூரை ஒழுகணும். ஒழுகலைன்னா எங்க சாமிக்கு ஆகாது. உள்ளேருந்து பாத்தா நட்சத்திரம் தெரியணும். ஏழு நாள் இருந்துட்டுப் பிரிச்சிருவோம். பிரிக்கலைன்னாதான் தப்பு."

அப்புறம் அப்பாவைப் பார்த்து: "மன்னிச்சிருங்கப்பா. நீங்க ரொம்ப நல்லா மேஞ்சிட்டீங்க."

அப்பா அவளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். மேலே ஏறினார். வைக்கோலை வழித்துத் தள்ளினார். மேல்வரிசைக் கீற்றை உருவினார். தான் கட்டியதைத் தானே. என்னால் பார்க்க முடியவில்லை. எஸ்தர் கீழே நின்று, "இன்னும் கொஞ்சம்ப்பா, இன்னும் கொஞ்சம்" என்றாள். உள்ளே வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்தது.

காரியக்காரர் குனிந்து உள்ளே தலையை விட்டு அண்ணாந்து பார்த்தார். நெற்றியில் வெயில்.

"நல்ல சாமிம்மா. ஒழுகற கூரையில எவன் குடியிருப்பான்?" சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"நாங்க இருக்கோம்ல" என்றார் அப்பா, மேலேயிருந்து, மெதுவாக.

இறங்கிவந்த அப்பாவை உள்ளே உட்காரவைத்து எஸ்தர் டீ கொடுத்தாள். பந்தலுக்கு விருந்தாளி வந்தால்தான் விசேஷமாம். அப்பா மேலே பார்த்தார். "கோணலா உருவிட்டேன் போலிருக்கே." மூவரும் சிரித்தோம். மதியப் பஸ்ஸில் போய்விட்டார்.

இருட்டும் நேரம் மெழுகுவத்தி ஏற்றி அவள் பாஷையில் ஏதோ பாடினாள். மெஸ் சாம்பார் சாதம். ஒரு முழு நார்த்தங்காயும் வந்தது, மெஸ் அக்கா தேடிப் பிடித்தது. ஓட்டை வழியாக நிலா வெளிச்சம் தட்டில். நிலா போட்ட போட்டில் நட்சத்திரம் ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. போதும் என்றாள்.

அக்டோபர் 5, செவ்வாய்

மழை! சாப்பிடும் நேரம் பார்த்து. சாம்பார் பெருகிக்கொண்டே போகிறது. மழை வந்தால் உள்ளே போகலாம் என்று அவர்கள் சாஸ்திரத்திலேயே இடமிருக்கிறதாம்.

"அப்ப எந்திரி."

"இன்னும் கொஞ்ச நேரம்."

ஒழுகும் வீட்டில் எந்த மூலை நனையாது என்று எனக்குப் பிறவியிலேயே தெரியும். அவளை அங்கே தள்ளி உட்காரவைத்தேன். இந்த வித்தை இப்படி ஒருநாள் உதவும் என்று நினைத்ததில்லை. சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது இருவருக்கும். நாளை பிராக்டிகல், ஒரு எழுத்துப் படிக்கவில்லை.

அக்டோபர் 6, புதன்

பிராக்டிகல். தண்டின் குறுக்குவெட்டு. என்னுடையது கொத்துப் புரோட்டா. எஸ்தருக்கு நன்றாக வந்தது. தும்மிக்கொண்டே வெட்டினாள்.

அக்டோபர் 11, திங்கள்

ஏழு நாள் முடிந்தும் பந்தலைப் பிரிக்க முடியாது. இன்றும் நாளையும் வேறு பண்டிகை, வேலை கூடாதாம். வார்டனம்மா முணுமுணுப்பு: "உங்க ஏழு எப்ப முடியும்?" ஆனால் நேற்று அவரே ஒரு தடவை பந்தலுக்குள் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

இன்று மழை வேண்டிப் பிரார்த்தனையாம் எஸ்தருக்கு. வருஷா வருஷம் இந்த நாளில் கேட்பார்களாம். டெல்டாவில் ஐப்பசி வரப்போகிறது, நீ கேட்காவிட்டாலும் கொட்டும் என்றேன். "அது உங்க மழை. இது எங்களுக்கு" என்றாள்.

அக்டோபர் 13, புதன்

அப்பா வந்து பந்தலைப் பிரித்தார். எஸ்தர் ஒவ்வொரு கீற்றாக வாங்கி அடுக்கினாள். எல்லாவற்றையும் அப்பாவே கொண்டுபோக வேண்டும் என்றாள்.

"ஆவும் பாப்பா. மழைக்கு முன்ன எங்க கூரையில சொருவிடறேன்." போன வாரம் மறுபடி ஆள் வந்ததாம், வீட்டைப் பிரிக்கச் சொல்லி. இவர் மனு கொடுத்திருக்கிறாராம். பிரிக்கிற வீட்டுக்கு யாராவது புதுக் கீற்று செருகுவார்களா? அப்பா செருகுவார்.

பஸ் ஸ்டாண்டு வரை நாங்களும் போனோம். கீற்றுக்கட்டை மேலே ஏற்றிவிட்டு வந்து அப்பா கேட்டார்:

"போற எடத்துல வீடு உண்டா பாப்பா?"

"குடுப்பாங்கன்னு சொல்றாங்கப்பா."

"மனைக்குப் பட்டா?"

எஸ்தர் என்னைப் பார்த்தாள். இந்த மண் இவருக்குச் சொந்தம் என்று சர்க்கார் எழுதித் தருவது என்றேன். 

"தெரியலப்பா. கேக்கல."

"கேட்டுட்டுப் போ. இருந்துக்கன்னு வாயால சொன்னதை நம்பித்தான் எங்கப்பன் குடிசை போட்டாரு."

அவள் தலையாட்டினாள். அப்பா ஏறிக்கொண்டார். பஸ் கிளம்பியது. கிழக்கே நன்றாகக் கறுத்துக்கொண்டு வருகிறது. கீற்றுக்கட்டு கண்ணுக்கு மறையும் வரை நின்றோம். பக்கத்தில் எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறாள்.

"நடுரோட்டில என்னடி?"

"திங்கக்கிழமை மழை கேட்டேன்ல. அப்பா கூரை மேஞ்சு முடிக்கட்டும், அப்புறம் குடுன்னு சொல்றேன்."