தட்டுக்கு அடியில் நின்ற காற்று

நேற்று மதியம் சாப்பிட உட்காரும்போது, இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் அந்த வாடை போகவில்லை. தொட்டித் தண்ணீரில் கலக்கும் துருத் தடுப்பு மருந்தின் வாடை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "நீ திங்கற சோறுகூட துருப்புடிக்காதுடி" என்றிருப்பாய். கேண்டீனே சிரித்திருக்கும். நீ வாயைத் திறந்தால் எல்லோரும் சிரிப்பார்கள். அது எனக்குப் பிடிக்காது என்று உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

கிருஷ்ணகிரியில் ஒரே பாலிடெக்னிக்கில் படித்தோம். எனக்கு உன்னைவிட மார்க் அதிகம். ஓசூர் கம்பெனியில் ஒரே நாளில் சேர்ந்தோம். வார்ப்பு இரும்புத் துண்டுகளைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, விரிசல் எங்கே என்று பார்ப்பது என் வேலை. நான் சொல்லச் சொல்ல, தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் போடுவது உன் வேலை. அப்படியே மேலே படித்தாய். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் கிடைத்துப் போய்விட்டாய். மேல்படிப்புக்கு நீ போட்ட அதே விண்ணப்பம் என் பையிலும் இருந்தது, நான் போடவில்லை. உன் இங்கிலீஷ் என்னுடையதைவிட மோசம். ஆனால் பயந்தது நான்.

முதல் லீவில் கெலமங்கலம் வந்தபோது, உங்கள் வீட்டு வாசலில் நின்று அந்த ஆராய்ச்சியை எனக்கு விளக்கினாய். "கண்ணுக்கே தெரியாத பொட்டலம்டி. உள்ள கேன்சர் மருந்து. ரத்தத்துல விட்டா ஒடம்பு பூரா சுத்தும், ஆனா தெறக்கக் கூடாது. கட்டி இருக்கற எடத்துல வெளிய இருந்து ஒலி குடுத்தா, அங்க மட்டும் தெறக்கணும். நம்ம தொட்டி ஒலி மாதிரிதான்டி!" உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கோ அந்த 'நம்ம' எரிந்தது. தொட்டிப் பக்கம் நின்றது நான். அந்த ஒலியை எடுத்துக்கொண்டு போனது நீ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அம்மா, "அவ கேன்சருக்கு மருந்து கண்டுபுடிக்கறா. நீ இன்னும் இரும்ப தண்ணில முக்கிட்டு இருக்கற" என்றாள். அன்றைக்கென்று பார்த்து உன் போன் வந்தது. பொட்டலங்களை ஜெல்லியில் கலந்து தட்டில் உறைய வைத்து, தண்ணீரில் இறக்கி, அடியிலிருந்து ஒலி அனுப்புகிறீர்களாம். "ஒரு நாள் தெறக்குது, ஒரு நாள் தெறக்கல. ஒரே தட்டுல ஒரு ஓரம் தெறக்குது, நடுவுல அப்படியே இருக்குது. பொட்டலம் செஞ்சதுலயே தப்போன்னு சந்தேகமா இருக்குடி. உனக்கு எதாச்சும் தோணுதா?"

நீ பேசி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அடி தட்டையாக உள்ள எதையும் நேராக இறக்கினால் கீழே காற்று மாட்டிக்கொள்ளும். ஒலி அந்தக் காற்றைத் தாண்டாது. சாய்த்து இறக்கி, அடியை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிவிட வேண்டும். தொட்டிப் பக்கம் நிற்கிற எங்களுக்குக் கை தானாகவே அதைச் செய்யும்.

"எனக்கு எங்கடி அதெல்லாம் தெரியும்? நான் இரும்பு பாக்கறவ" என்றேன். சொல்லும்போது நெஞ்சு குளுகுளுவென்று இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

பொட்டலத்தை மாற்றி மாற்றிச் செய்து நாலு மாதம் அலைந்தாய். பிறகு ஒரு நாள் போனில் கத்தினாய்: "தட்டுக்கு அடியில காத்துடி! சாய்ச்சு எறக்குனா எல்லாம் தெறக்குது!" நான் "அப்பிடியா!" என்றேன். பிறகு மெதுவாக, "நீ தொட்டியில சாய்ச்சுத்தான எறக்குவ?" என்று கேட்டாய். நான் போனை அந்தக் காதிலிருந்து இந்தக் காதுக்கு மாற்றினேன். "செரி, சாப்டியா?" என்றாய். அதற்கப்புறம் அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. அடுத்த ஆறாவது மாதம் சூளகிரி அருகே நீ போன வேன் மீது லாரி மோதியது. அதோடு நீ இல்லை. நீ என்னிடம் கேட்ட அன்று உனக்கு மிச்சம் இருந்தது பத்து மாதம். அதில் நாலு மாதத்தை நான் தின்றுவிட்டேன்.

போன மாதம் உன் சாமான்களை எடுத்து வர உன் அம்மா என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். ஆராய்ச்சிக்கூடத்தில் உன்னோடு வேலை பார்த்த பெண் ஒரு தட்டைத் தண்ணீரில் இறக்கிக் காட்டினாள். சாய்த்து இறக்கினாள், அடியைத் தடவிவிட்டாள். இந்த மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க இன்னும் எத்தனையோ வருஷம் ஆகுமாம். பிறகு கன்னடத்தில் சொன்னாள், இப்படி இறக்க உனக்குக் கற்றுக்கொடுத்தது ஓசூர் கம்பெனித் தோழி என்று நீ எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாயாம்.

உன் அம்மாவுக்கும் கன்னடம் தெரியுமே. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீயாச்சும் எம்புள்ளைக்கு ஒத்தாசையா இருந்தியேம்மா" என்று அழுதார்.

"ஆமாங்கம்மா" என்றேன்.

இப்போதும் உன் மேல் பொறாமைதான். முன்பு உன் படிப்பின் மேல். இப்போது, என் பொய் தெரிந்தும் என்னைப் பற்றி ஊருக்கெல்லாம் நல்லதாகச் சொல்லி வைத்துவிட்டுப் போனாயே, அந்த மனசின் மேல். என்னால் அது முடிந்திருக்காது. திரும்பி வரும் பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வரும் வரை உன் அம்மா என் கையை விடவில்லை. அது உன் கைக்குக் கிடைக்க வேண்டிய பிடி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.