படகை யார் நிறுத்தலாம்?

ரயில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே ஆபீஸ் வந்து சேர்ந்தவளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்குப் போயிருந்தேன். படகுத்துறையில் லைஃப் ஜாக்கெட்டைத் தலைவழியே மாட்டியதும், ரப்பரும் பாசியும் பழைய வெயிலும் கலந்த அந்த ஈர வாசனை மூக்கில் ஏறியது. கூடவே நீயும் வந்துவிட்டாய். மல்லிகை, சந்தனம் என்று எத்தனையோ நல்ல வாசனைகள் இருக்க, உனக்கு வாய்த்தது இது. சிரிக்காதே. ஏரியின் மேல் பனி கலையவில்லை. அக்கரை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து நீ கையாட்டியிருந்தால் நானும் சும்மா பதிலுக்குக் கையாட்டியிருப்பேன்.

முதல் முறை நாம் அங்கே போனது வேலை நிமித்தம். அரசு அமைப்புகளை மதிப்பிட்டு எழுதுவது நம் பிழைப்பு. அந்த வருடம் நம் மேஜைக்கு வந்தது ஒரு பொதுச் சுற்றுலா நிறுவனம். விடுதிகள், பேருந்துகள், அந்தப் படகுத்துறை எல்லாம் அதனுடையவை. அங்கே யார் முடிவெடுக்கிறார்கள், யார் பதில் சொல்கிறார்கள், அந்த அமைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று நாம் சொல்ல வேண்டும். நான் பக்கத்து காக்ஸ் டவுனிலிருந்து சீக்கிரமே ஆபீஸ் வந்து, பெரிய தாளில் கட்டங்கள் போட்டு வைத்திருந்தேன். மேலே இயக்குநர் குழு, அதன் கீழே மேலாண்மை இயக்குநர், அப்புறம் கிளைகிளையாக இறங்கும் பெட்டிகள். நீ கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வந்து, தூக்கம் கலையாத கண்ணோடு அதை வெகுநேரம் பார்த்தாய்.

"அழகாத்தான் இருக்குது. ஆனா இதுல தண்ணி எங்கடி?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நிர்வாக அமைப்புப் படத்தில் தண்ணீரை எங்கே வரைவது? நீ வாதாடவில்லை. மத்தியானமே என்னை அந்த ஏரிக்கு இழுத்துப் போய்விட்டாய்.

துறைக்குப் பொறுப்பாளர் முனிராஜ். மர்பி டவுன்காரர், முகத்தை எப்போதும் உர்ரென்று வைத்திருப்பவர். அவரிடம் நீ மதிப்பீட்டாளர் மாதிரியே பேசவில்லை.

"அண்ணா, காத்து ஜாஸ்தியாச்சின்னா படகை யாரு நிறுத்துவாங்க?"

"ஹெட் ஆபீசுக்கு போன் பண்ணிக் கேக்கணும்மா."

"அங்க போன் எடுக்கலன்னா?"

"எடுக்கிற வரைக்கும் ஓட்டணும். டிக்கெட் குடுத்துட்டோமே."

"நீங்களே நிறுத்திட்டா?"

"இன்னாம்மா, மெமோ யாரு வாங்குறது?" என்று அவர் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். பிறகு ஒரு கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அந்தக் கேள்வியைத்தான் பிறகு தலைமை அலுவலகத்தில் மேஜை மேஜையாகக் கொண்டுபோனோம். படகுப் பிரிவு மேலாளர் அது மேலாண்மை இயக்குநரின் அதிகாரம் என்றார். மேலாண்மை இயக்குநர் அறையில் அது இயக்குநர் குழுவின் கொள்கை முடிவு என்றார்கள். குழுவோ கூடுவதே இல்லை. கோப்பு ஒன்று ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் போய்க் கையெழுத்தோடு திரும்பும். எல்லாம் வந்ததும் கூட்டம் நடந்ததாக எழுதிவிடுவார்கள். தனக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவர் படித்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. நமக்கு பிஸ்கட்கூடக் கொடுத்தார்கள். இதைப் பற்றி நான் ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்லது அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்த மழை நாட்கள் எனக்கு முன்பின்னாகத்தான் ஞாபகம் வருகின்றன. ஆபீஸுக்கு எதிரே இருந்த தர்ஷினி ஓட்டலில் நின்றுகொண்டு, ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்து, ஒன் பை டூ குடிப்போம். தூங்குமூஞ்சி மரங்களிலிருந்து மழை நின்ற பிறகும் மழை பெய்துகொண்டிருக்கும். ஒருநாள் அங்கே உன் கனவைச் சொன்னாய். ரயிலில் கண்ணயர்ந்தபோது என் கட்டங்கள் எல்லாம் ஏரியில் மிதந்து போயினவாம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து கோப்பு படித்துக்கொண்டிருந்தாராம். யாரிடமும் துடுப்பு இல்லையாம். நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உன் அப்பாவைப் பற்றிப் பேசினாய்.

சுரங்க வாயிலில் மணியடிக்கிற வேலை அவருக்கு. ஆட்களை இறக்கும் கூண்டுக்கு அந்த மணிதான் உத்தரவு.

"எங்கப்பா ஒரு மணி அடிச்சா கூண்டு அப்பிடியே நிக்கும். உள்ள மேனேஜரே இருந்தாலும் நிக்கும். ஏன் நிறுத்தினன்னு அப்புறமா கேக்கலாம். மொதல்ல நிக்கணும். அவ்ளோதான்டி நிர்வாகம்."

அறிக்கையில் நீ சேர்த்த வரியும் அதுதான்: துறையில் நிற்பவர் யாரையும் கேட்காமல் படகுகளை நிறுத்தலாம், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. நம் மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை.

"நம்மகிட்ட கேட்டது கவர்னன்ஸ்மா. நீங்க காத்து, படகுன்னு எழுதிகினு இருக்கீங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணி அந்த வரியை எடுத்துடுங்க."

"சார், அந்த ஒரு வரிதான் சார் கவர்னன்ஸ்."

பேரம் நடந்தது. இயக்குநர் குழுவைக் குத்திக்காட்டும் அத்தியாயமும் வேண்டும், இந்த வரியும் வேண்டும் என்றால் அறிக்கை மொத்தமும் அலமாரிக்குப் போய்விடும் என்றார் அவர். ஏதாவது ஒன்று என்றார். நீ என் முகத்தைக்கூடப் பார்க்காமல் என் அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டு உன் வரியை வைத்துக்கொண்டாய்.

நான் உன்னோடு பேசுவதை நிறுத்தினேன். தர்ஷினியில் வேண்டுமென்றே எனக்கு மட்டும் முழுக் காபி சொன்னேன். நீ பக்கத்தில் வந்து நின்று, என் காபியில் பாதியை இன்னொரு டம்ளரில் ஊற்றிக் குடித்தாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தியாயம் போனது போனதுதான், ஆனால் அதற்குமேல் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை.

அறிக்கை போனது. அதை நிறுவனம் ஏற்குமா என்று தெரிவதற்குள் நீ போய்விட்டாய். காய்ச்சல் என்று லீவு போட்டவள் திரும்பவே இல்லை. தங்கவயலில் உன் வீட்டு வாசலில் நின்றபோது எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. உன்மேல் இல்லாமல் வேறு யார்மேல் நான் கோபப்படுவது? நிறுவனத்தின் உத்தரவு வந்தது உனக்குப் பிறகு. நீ எழுதிய வரி, சொல் மாறாமல்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஏரியில் படகேறினேன். சுற்றிலும் குடும்பங்கள், குழந்தைகள், மடியில் பொட்டலங்கள். படகு கிளம்பும் நேரத்தில் பனி கலைந்து காற்று எழுந்தது. தண்ணீர் சுருக்கம் விழுந்த துணி மாதிரி ஆனது. முனிராஜ் துறையின் விளிம்புக்கு வந்தார். இப்போது தலை நரைத்திருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"எல்லாரும் எறங்குங்க. படகு கெடையாது."

"கொஞ்சம் காத்துதானே?" என்றேன். ஆமாம், நான்தான். வந்த ஆசை அப்படி. அதோடு விட்டேனா? "யாரைக் கேட்டு நிறுத்துறீங்க?"

"யாரையும் கேக்கத் தேவையில்ல மேடம். இங்க நான்தான். எறங்குங்க."

பின்னாலிருந்த ஒருவர் தனக்குச் சேர்மனையே தெரியும் என்று கத்தினார். போனையும் எடுத்தார். முனிராஜ் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முகம் அதே உர்ர்தான். நான் முதல் ஆளாக இறங்கினேன். கண் கலங்கிவிட்டது. என்னைப் பார்த்து ஒரு அம்மாள் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் இறங்கினார்கள்.

இப்போதெல்லாம் எந்த அமைப்பின் படத்தை என் முன் விரித்தாலும், அதைப் பார்ப்பதற்கு முன் உன் கேள்வியைத்தான் கேட்கிறேன்: இதை யார் நிறுத்தலாம்? ஆபீஸில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையை எந்த அறிக்கையிலும் எழுத முடியாது, ஏனென்றால் அன்று ஒன்றுமே நடக்கவில்லை. காற்று வீசியது, அடங்கியது. சுட்ட சோளம் வாங்கித் தின்றார்கள். டிக்கெட் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு, முனிராஜைத் திட்டிக்கொண்டே, எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். எல்லோரும் போனார்களடி.