சம்பந்தியம்மாள் நடந்த காடு

நல்லூர்,
வைகாசி 12.

என் கண்ணு தேஜஸ்ரீக்கு அப்பாயி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அந்தச் சீமைக் குளிரில் நீ சுகமாக இருக்க முருகன் துணை.

போன ஞாயிற்றுக்கிழமை, உன் அம்மாயியோடு காட்டில் நடந்ததை எடுத்து நீ அனுப்பிய வீடியோவை டிவியில் போட்டபோது வீட்டில் இருந்தவர்கள்: உன் அப்பன் தங்கராஜ், உன் அம்மா சண்முகப்பிரியா, குண்டடத்திலிருந்து கறிச்சோறு சாப்பிட வந்திருந்த உன் அம்மாவைப் பெற்ற அப்புச்சி பொங்கியண்ணன், நூல் பிசிறு வெட்டிய பனியன்களைக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு அன்புசெல்வி, அப்புறம் நான். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் என் நெஞ்சில் அப்படியே இருக்கிறது.

போனில் பேசலாம்தான். பேசினால் உன் அம்மாவின் காது பக்கத்திலேயே நிற்கும். அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துப் படி.

இடம் நல்ல இடம், இல்லையென்று சொல்லவில்லை. ஓடையோரமாகப் பாதை, இரண்டு பக்கமும் பாசி பிடித்த பெரிய பெரிய மரங்கள். ஓக் மரம் என்று நீ சொன்னாய். அந்த நிழலைத் தாண்டினால் புல்லு மலை. ஆடு மேய்கிற நம் கொறங்காட்டுப் புல் சித்திரையிலேயே கருகிவிட்டது. அங்கே மலை முழுக்கப் பச்சை. ஆனால் கண்ணு, ஏற்றமென்று ஒன்றும் பெரிதாக இல்லையே. நம் ஊர்ப் பாலத்தில் ஏறுவதைவிடச் சுலபம். அதற்கா உன் அம்மாயி தெய்வாத்தாள் இடுப்பில் கைவைத்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள்?

உன் அப்புச்சிக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. மானாட்டம் நடக்கறா பாருங்க சம்பந்தி என்று சொல்லிச் சொல்லியே மூன்று தரம் கறி வாங்கினார். எங்கம்மாளுக்கு மனசுல தெம்பு இருக்குதுங்க அத்தை என்றாள் உன் அம்மா. பழனிக்கு வந்தால் அடிவாரம் வரைக்கும் கார், அங்கிருந்து விஞ்ச். அந்தத் தெம்பை எனக்குத் தெரியாதா?

அன்புசெல்விதான் முதலில் பார்த்தாள். ஏனுங்கம்மா, அவங்க போட்டிருக்கறது நம்ம சட்டையாட்டம் இருக்குதுங்க என்றாள். தலைமூடி வைத்த அந்தக் குளிர்ச்சட்டையை உனக்கென்று நம் பனியன் யூனிட்டில் தைக்கச் சொன்னதும், பாக்கெட் ஓரத்தில் மட்டும் அரக்கு நூல் ஓட்டச் சொன்னதும், பிசிறு வெட்டியதும் நான். அந்தப் பாக்கெட்டுக்குள் தெய்வாத்தாள் கையை விட்டுக்கொண்டு நடக்கிறாள். அவளுக்குக் குளிர்ந்தால் அங்கே கடையே இல்லையா?

இன்னொன்றும் பார்த்தேன். மரப்படலைத் திறந்து புல்லுக்காட்டுக்குள் போனவள், அதைச் சாத்தாமலே நடந்துவிட்டாள். உள்ளே அத்தனை ஆடு மேய்கிறது. நீதான் திரும்பி ஓடிவந்து சாத்தினாய். குண்டடத்தில் ஆடு மாடு வைத்துப் பண்ணயம் பார்த்த பொம்பளை செய்கிற வேலையா அது?

இதையெல்லாம்கூட விட்டிருப்பேன். கடைசியில் அவள் உன் போனைப் பார்த்து, சம்பந்தியும் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும், பாவம், அவங்களுக்கு முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குது என்றாளே. அத்தனை பேரும் திரும்பி என் முட்டியைப் பார்த்தார்கள்.

கண்ணு, என் முட்டியில் ஒன்றுமில்லை. 

தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது பந்தியில் என்னிடம்தான் முதலில் கேட்டாய். அப்பாயி, எங்கூட வந்து ரெண்டு மாசம் இருங்க, காடு மலையெல்லாம் நடக்கலாம் என்றாய். எனக்கெதுக்கு கண்ணு அதெல்லாம், முட்டி வலிக்குது என்றேன். வேறு எப்படிச் சொல்வது? காபி குடிக்கிறீங்களா என்று கேட்டால் வேண்டாமுங்க என்போம். மறுபடி கேட்டால் எதுக்குங்க சிரமம் என்போம். மூன்றாம் தரம் டம்ளரைக் கையில் கொடுப்பார்கள், குடிப்போம். நம் பக்கத்துப் பழக்கம் அதுதானே. நீ இரண்டாம் தரம் கேட்பாய் என்று இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ அம்மாயி பக்கம் திரும்பிவிட்டாய்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. உன் அப்பன் வாங்கிவந்த தைலத்தை வலிக்காத காலில் தேய்த்தேன். பதினேழு தைப்பூசம் நல்லூரிலிருந்து பழனிக்கு நடந்தே போனவள், இந்தத் தைப்பூசத்துக்குப் பஸ்ஸில் போனேன். ஜன்னல் வழியாக நடக்கிற சனங்களைப் பார்த்துக்கொண்டு போனேன். இப்போது எல்லோரும் யூனிட்டுக்குப் போன பிறகு மொட்டைமாடியில் அறுபது சுற்று நடக்கிறேன். யாரிடமும் சொல்லாதே.

அடுத்த முறை பேசும்போது எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிடு. நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எழுபத்திரண்டு வயசில் இந்த வாயை மாற்ற முடியாது. விட்டுவிடாமல் மறுபடியும் கேள். எதுக்கு கண்ணு சிரமம் என்பேன். அதற்குமேல் என்னிடம் கேட்காதே. அப்பாயியைப் பாஸ்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க என்று உன் அப்பனிடம் சொல்லிவிடு. அந்தப் படலை நான் சாத்திவிட்டு வருவேன்.

வேளைக்குச் சாப்பிடு. நடந்த கால் ஓயாமல், நினைத்தது கைகூடி நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பாயி சின்னாத்தாள்.

விட்டுப்போனது: தைலம் வாங்கிவந்த உன் அப்பன்மேல் கோபமில்லை. உன் அம்மா பெற்றவளுக்குப் பரிந்து பேசினாள், அது மகள் கடமை. உன்மேல் எனக்கு என்றைக்குக் கோபம் வந்தது? ஆனால் அதே பந்தியில், நீ ஒரே ஒரு தரம் கேட்டதும், வாயில் இருந்த சோற்றைக்கூட விழுங்காமல், வர்றேன் கண்ணு என்று சொன்னாளே, அவளை மட்டும் என் கட்டை வேகும்வரை மன்னிக்க மாட்டேன். குண்டடத்துத் தெய்வாத்தாளை.