வரலாம், சாயா இருக்கு

இன்று காலை அலமாரியின் மேல்தட்டிலிருந்து உன் சிவப்பு ஃபிளாஸ்க்கை எடுத்தேன். மழைக்காலம் முழுக்க மூடியே கிடந்தது. மூடியைத் திருகியதும் சுக்கும் ஏலக்காயும் கலந்த அந்தப் பழைய வாசனை முகத்தில் வந்து அடித்தது. எத்தனை தடவை கழுவினாலும் போகாத வாசனை. எல்லாக் கறைக்கும் ஏதாவது வழி வைத்திருக்கும் சலவைக்காரி நான், இதற்கு மட்டும் என்னிடம் வழியில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு வெந்நீர் ஊற்றிக் கழுவி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வெயிலுக்குக் கவிழ்த்து வைத்தேன்.

இன்று சனிக்கிழமை. நாலு மணிக்குள் குழுவில் ஒரு வார்த்தை போட வேண்டிய நாள். வரலாமா, வேண்டாமா என்று. அது உன் வேலை. உன் டெலஸ்கோப்பில் கண் வைக்க, கொச்சி மட்டாஞ்சேரியில் நம் மாடிக்குப் பள்ளுருத்தியிலிருந்தும் சுள்ளிக்கல்லிலிருந்தும் எர்ணாகுளத்திலிருந்தும் வருகிறவர்களுக்காக நீயே உண்டாக்கிய வாட்ஸ்அப் குழு அது. நீ போன பிறகு வந்த அனுதாபச் செய்திகளோடு நின்றுபோயிருந்தது. அதன்மேல் ஒரு எழுத்துப் போட யாருக்கும் மனசு வரவில்லை போல.

டெலஸ்கோப் என் வீட்டில்தான் இருக்கிறது. உன் மகன் காரியங்கள் முடிந்து பெங்களூருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாவியோடு அதையும் பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். "சின்னம்மா, இது உங்ககிட்ட இருக்கட்டும். மழை முடிஞ்சும் யாரும் வரலேன்னா ஏதாவது ஸ்கூலுக்குக் குடுத்துடலாம்" என்றான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. இப்போது மழை முடிந்துவிட்டது. கார்த்திகை பிறந்து விருச்சிகக் காற்று வீச ஆரம்பித்துவிட்டது. இன்று நான் கூப்பிட்டு யாரும் வராவிட்டால் அது ஸ்கூலுக்குப் போகும், நம் மாடி வெறும் துணி காயப்போடும் இடமாகிவிடும்.

துணி என்றதும் நீ எங்கிருந்தாலும் பல்லைக் கடிப்பாய். கார்ப்பரேஷன் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நீ டெலஸ்கோப் வாங்கியபோது நான் சிரித்ததை நீ கடைசிவரை மறக்கவில்லை. கணவர் போன பிறகு உனக்கு வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை, சாயங்காலமானால் மாடிக்கு வந்துவிடுவாய் என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் என் மாடியில், ஹோம்ஸ்டே விடுதிகளுக்கு நான் துவைக்கும் பெட்ஷீட்டுகள் கொடியில் ஆடிக்கொண்டிருக்கும். உன் மாடிக்கும் என் மாடிக்கும் நடுவில் முழங்கால் உயரச் சுவர்தான். நீ டெலஸ்கோப் குழாயைத் தெற்கே திருப்பிவிட்டு அங்கிருந்து குரல் கொடுப்பாய்.

"எடீ, அந்த பெட்ஷீட்ட ஒண்ணு தள்ளி மாத்து. வியாழன் அதுக்குப் பின்னாடி நிக்குது."

"காயட்டும். வியாழன் எங்கயும் ஓடிப்போகாது" என்பேன். ஓடித்தான் போகிறது என்று நீ அரைமணி நேரம் விளக்குவாய். அதற்குள் ஷீட்டும் காய்ந்துவிடும்.

நம் இருவருக்கும் வானம் ஒன்றுதான், வேண்டியது வேறு வேறு. எனக்கு மழை பெய்யாமலிருந்தால் போதும், மேகம் எப்படிப் போனால் என்ன. காற்று அடித்தால் இன்னும் நல்லது. உனக்கோ மழை இல்லை என்பது ஒரு செய்தியே இல்லை. பால் ஆடை மாதிரி மேலே ஒரு மெல்லிய மேகம் படர்ந்தாலும் உன் நட்சத்திரங்கள் போச்சு. காற்று அடித்தால் டெலஸ்கோப் ஆடும். காற்றே இல்லாவிட்டால் கண்ணாடியில் பனி பூத்துவிடும். வானிலை சொல்கிறவர்கள் எல்லாரும் மழைக்காகச் சொல்கிறார்கள், மேகத்துக்காக ஒருத்தரும் சொல்வதில்லை என்பது உன் தீராத புகார். மழை இல்லை என்று அவர்கள் சொன்ன நாளில் மழைக்காறு, அந்தக் கருமேகம், மூடிப் பெய்யாமல் போய்விட்டால், "பாத்தியா, அவங்க சொன்னது சரியாப்போச்சு, நமக்குத்தான் ஒண்ணும் கிட்டல" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய்.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு போனை எடுத்து மூன்று வானிலை ஆப் திறந்து பார்ப்பாய். ஒன்றில் வெயில், ஒன்றில் மேகம், ஒன்றில் மின்னல். கல்யாணப் பொருத்தம் பார்க்கிறவர்கள் பொருந்துகிறவரை ஜோசியரை மாற்றுவது மாதிரி நீ நாலாவதாக ஒன்றைத் தேடுவாய் என்று நான் கேலி செய்வேன். ஆனால் ஆரம்பத்தில் நீ அப்படி இல்லை, ரொம்பக் கண்டிப்பாக இருந்தாய். மூன்றில் இரண்டு மோசம் என்றால் குழுவில் "வேண்டாம்" என்று போட்டுவிடுவாய். எர்ணாகுளத்திலிருந்து படகும் ஆட்டோவும் மாறி வருகிறவர்களை வெறும் மேகம் பார்க்க வைக்கக்கூடாது என்று உனக்கு ஒரு கௌரவம்.

அந்தச் சந்திரகிரகணத்தன்று அந்தக் கண்டிப்பு உடைந்தது. நிலா எழும்போதே கிரகணத்தோடு எழும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். ஐப்பசி மழை பெய்யும் துலாவர்ஷக் காலம். அன்று மத்தியானம் மூன்று ஆப்பும் ஒற்றுமையாகக் கொச்சிக்கு இடியும் மழையும் காட்டின. இங்கே வெயில் காய்ந்துகொண்டிருந்தது, ஆனாலும் துலாவர்ஷத்தை யார் நம்புவது? நீ மனசில்லாமல் "வேண்டாம்" போட்டாய். நான் ஈரம் சொட்டச்சொட்ட அத்தனை துணியையும் கீழே இறக்கினேன்.

மழை வரவில்லை. சாயங்காலம் கிழக்கே, காயலுக்கு அக்கரையில், எர்ணாகுளத்துக் கட்டடங்களுக்கு மேலே ஒரு பக்கம் கடிபட்ட நிலா எழுந்து வந்தது. கழுவி வைத்த வானம். நீ மாடியில் டெலஸ்கோப்பைக்கூட எடுக்காமல் நின்றுகொண்டிருந்தாய். யாரைக் கூப்பிட்டாலும் வந்து சேர்வதற்குள் கிரகணம் விட்டுவிடும். உன்னை நான் அவ்வளவு நொறுங்கிப் பார்த்தது, உன் வீட்டுக்காரர் போனதற்குப் பிறகு, அன்றுதான்.

அப்போதுதான் படியேறி முருகேசன் வந்தான். எர்ணாகுளத்து ஓட்டலில் பரோட்டா போடுகிறவன், தேனிப் பக்கத்துக்காரன். கூடவே அவன் மனைவி. ஊரிலிருந்து அவனைப் பார்க்க வந்திருந்தாள், மறுநாள் ரயிலுக்குத் திரும்புகிறாள். உனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய்க் குழாயைத் தூக்கி வந்து வைத்தாய். அந்தப் பெண் கண்ணை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு, இதே நிலாவா எங்க ஊரிலும் வருது என்று அவனிடம் மெதுவாகக் கேட்டாள். அவன் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

போகும்போது நீ அவனிடம் கேட்டாய், வேண்டாம் என்று போட்டிருந்தேனே, எப்படி வந்தாய் என்று.

"போன்ல சார்ஜ் இல்லக்கா, பாக்கல. பாத்திருந்தா வந்திருக்க மாட்டேன்" என்றான்.

அவர்கள் இறங்கிப் போன பிறகு நீ கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து சொன்னாய்: "நான் பறஞ்சதக் கேட்ட அத்தனை பேரும் போச்சு. கேக்காதவனுக்குக் கிட்டுச்சு."

அதோடு விடுகிற ஆளா நீ? மறுநாளெல்லாம் போனை நோண்டி உண்மையைக் கண்டுபிடித்தாய். அந்த ஆப்புகளில் கொச்சி என்று நாம் பார்த்துக்கொண்டிருந்தது முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் நெடும்பாசேரி விமான நிலையத்தை. அங்கே அன்று இடியும் மழையுமாகக் கொட்டியிருக்கிறது. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, நம் ஊரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இத்தனை வருஷமும் நெடும்பாசேரி மழைக்குப் பயந்து மட்டாஞ்சேரியில் துணி எடுத்திருக்கிறேன் என்று தெரிந்தபோது எனக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று இன்றுவரை தெரியாது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கிரகணம் தப்பிய துக்கம் அந்தச் சிரிப்பில்தான் உனக்குத் தீர்ந்தது.

உடனே போனில் மட்டாஞ்சேரியையே குறித்து வைத்தாய். அதுவும் எல்லா நாளும் சரியாக வரவில்லை. கடலிலிருந்து சாயங்காலம் ஏறுகிற மேகம் எந்தப் படத்தையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆனால் உன் செய்தி மட்டும் அன்றிலிருந்து மாறவே இல்லை. மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை: வரலாம். மேகம் இருந்தா சாயா இருக்கு.

வந்தார்கள். பாதி நாள் மேகம்தான். இருட்டிய மாடியில் சுக்குச் சாயா குடித்துக்கொண்டு, பிள்ளைகள் படிப்பு, வாடகை, மூட்டுவலி என்று பேசிவிட்டுப் போனார்கள். பேங்க்கில் வேலை பார்க்கும் அந்த எர்ணாகுளத்துக்காரர் வந்தபோதெல்லாம் மேகமாகவே வாய்த்துக் கடுப்பாகி, சரியாகப் பார்த்துச் சொல்லக்கூடாதா என்று உன்னிடம் சண்டைக்கு வந்தார். நீ இன்னொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாய். அவரும் அடுத்த சனிக்கிழமை வந்தார். அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது, உன்மேல் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் உன்னிடம் கேட்டேன். வெளியே ஜூன் மாத இடவப்பாதி மழை ஊற்றிக்கொண்டிருந்தது. நீ ஜன்னலைப் பார்த்தபடி படுத்திருந்தாய். காறு மட்டும்தானா, பெய்கிறதா என்று நீ கேட்க, பெய்கிறது என்றேன். அப்போது நல்லது, பெய்து தீரட்டும் என்றாய். விருச்சிக மாதத்தில் சனியின் வளையம் விளிம்பை மட்டும் நமக்குக் காட்டி நூல் மாதிரி மெலிந்து தெரியும், பல வருஷத்துக்கு ஒருமுறைதான் அப்படி வரும், அதை எல்லாருக்கும் காட்டிவிட வேண்டும் என்றாய். நான் எதையாவது பேசி அழுகையை அடக்க வேண்டும் என்பதற்காக, நிஜமாகவே வானம் தெளியும் என்று தெரிந்துதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வரலாம் என்று போட்டாயா என்று கேட்டேன்.

"எனக்கெங்க தெரியும்? அதெல்லாம் தெரிஞ்ச ஆளு நான் இல்ல" என்றாய். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "வேண்டாம்னு சொன்னா அது மட்டும் தப்பாம பலிக்கும்டீ. யாரும் வர மாட்டாங்க, யாரும் பாக்க மாட்டாங்க" என்றாய்.

அதன்பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாய். உனக்கு அந்தச் சனிக்கிழமைகள் எவ்வளவு வேண்டியிருந்தன என்று நீ சொல்லவில்லை. நான் பக்கத்து மாடிக்காரி, எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உன் மாதிரியே மூன்றையும் திறந்தேன். மட்டாஞ்சேரியில்தான் பார்த்தேன், பயப்படாதே. ஒன்றில் வெயில், ஒன்றில் பாதி மேகம், ஒன்றில் முழு மேகம். மாடிக்குப் போய் நேரில் பார்த்தேன். கிழக்கே நீலம், மேற்கே கடலின் மேல் சாம்பல். இத்தனை வருஷம் வானத்தைப் பார்த்துத் துணி காயப்போட்டவள், சாயங்காலம் என்ன ஆகும் என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உன்மேல் இருந்த அந்தக் கொஞ்ச எரிச்சலும் அப்போது போய்விட்டது.

நாலு மணிக்கு முன்னால் எழுதினேன். மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. சனியின் வளையம் நூல் மாதிரி இருக்கும் என்பதையும் சேர்த்தேன். அனுப்பிவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, யாரும் பதில் போடாவிட்டால் உன் மகனுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டாவது பத்தி எழுதும்போது போன் சத்தம் கேட்டது. எடுத்துப் பார்க்கப் பயமாக இருந்ததால் கதையெல்லாம் உன்னிடம் சொல்லி முடிக்கும்வரை விட்டுவைத்தேன். இப்போதுதான் பார்த்தேன். பேங்க்காரர், இந்தத் தடவையாவது தெளியுமா என்று கேட்டுவிட்டு, எப்படியும் வருகிறேன் என்று போட்டிருக்கிறார். பள்ளுருத்தி ஆட்கள் ஆட்டோ பிடித்துவிட்டார்களாம். எல்லாருக்கும் முன்னால், நான் அனுப்பிய கொஞ்ச நேரத்திலேயே, முருகேசன் எழுதியிருக்கிறான்:

"வரேன்க்கா. நீங்க வேண்டாம்னு போட்டிருந்தாலும் இன்னைக்கு வந்திருப்பேன்."

அடுப்பில் சுக்கு கொதிக்கிறது. ஃபிளாஸ்க் காய்ந்துவிட்டது, வாசனை போகவில்லை. மேற்கே மேகம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, இன்று சனியைப் பார்ப்போமா என்று எனக்குத் தெரியாது. தெற்கே கட்டியிருந்த பெட்ஷீட்டையெல்லாம் நானே எடுத்துவிட்டேன், கொஞ்சம் ஈரமாகத்தான் இருந்தன. நீ குரல் கொடுக்க வேண்டியதில்லை.